மலத்தில் இரத்தம்: அஞ்ச வேண்டியது எப்போது?

மலத்தோடு இரத்தம் கண்டால் "மூலச்சூடு" என்று தாமே முடிவு கட்டி, வெட்கத்தால் மறைப்போர் நம்மில் பலர். இது தகாது.

இறுகிய மலம் கீறி ஆசனவாயில் வெடிப்பு உண்டானால், அறுப்பதுபோல் வலிக்கும்; செந்நிற இரத்தம் சிறிது கசியும். நோன்புக் காலத்தில் இரவில் நீர் குறைவாய் அருந்துவோருக்கு மலம் எளிதில் இறுகும். தண்ணீர் நிறையப் பருகுக. நாசி கண்டார் தட்டில் கறியோடு வெண்டைக்காயும் இருக்கட்டும். இளஞ்சூட்டு நீரில் உட்காருதலும் நலம். பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும்.

ஆறாவிட்டாலோ, இரத்தம் மலத்தில் கலந்து வந்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, மலப்போக்கு மாறினாலோ, உடல் மெலிந்தாலோ தாமதியாது டாக்டரைக் காண்க. மலேசியாவில் பெருங்குடல் புற்றுநோய் மிகுதி; தொடக்கத்தில் கண்டால் குணமாக்கலாம். குறி இல்லாவிடினும், 50 வயதானோர் அரசாங்கக் கிளினிக்கில் மலச் சோதனை செய்துகொள்வீர்களாக.