சக்கர நாற்காலியும் இராட்டினமும்

கேளிக்கைப் பூங்காவிற்குச் செல்லும் குடும்பத்தில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருப்பாராயின், இராட்டினத்தில் அவரைத் தூக்கி அமர்த்துவது யார் என்பதே முதல் வினா. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2010இல் வெளியான விதிகளின்படி, புதிய இராட்டினங்களில் பொதுவாக நாற்காலியோடு ஏற இடமோ, மாறி அமரத்தக்க இருக்கையோ, மாறுவதற்குரிய கருவியோ இருத்தல் வேண்டும். மூன்றில் ஒன்று போதும். மாறி அமரக் கையில் வலுவில்லாதவர் என் செய்வார்? தந்தை தூக்கவேண்டும், இன்றேல் கீழிருந்து பார்க்கவேண்டும். சட்டம் என்னவோ நிறைவேறிவிடுகிறது!

டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில், கார்டன் ஹார்ட்மன் என்பார் தம் மகள் மார்கனை எண்ணி, கைவிடப்பட்ட கல் குவாரியில் 25 ஏக்கர் பரப்பில் 2010இல் திறந்த 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்' முதல் வழியையே மேற்கொண்டது. ஊஞ்சலில் நாற்காலியோடே ஏறலாம். குதிரை இராட்டினத்திலும் அவ்வாறே; குதிரைகளுடன் நாற்காலி நிற்கும் தேரும் உயர்ந்து தாழும். மாற்றுத் திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை.

2017இல் அங்கு நீர்ப்பூங்கா எழுந்தது. மின்கல நாற்காலி நீர்பட்டால் பழுதாகும். ஆகவே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் நாற்காலியை உருவாக்கினர். கட்டணச் சலுகையினும் இதுவே பெரிதென்பேன். இதில் அமரும் குழந்தை, பிறர் தள்ளாமலே, உடன்பிறந்தாருடன் தானும் நனைகிறது.