வெண்கலத்தில் வார்த்த பெயர்

கேள்வி: பழைய பாத்திரக் கடையில், எடைக்குப் போட வந்த சாமான்களின் நடுவே வட்டமான வெண்கலத் தகடு ஒன்று கிடைத்தது. கையில் மாலையேந்திய ஸ்திரீ, அவள் பக்கத்தில் சிங்கம், விளிம்பைச் சுற்றி ஆங்கில எழுத்துகள். சிறு கட்டமொன்றினுள் நம் பக்கத்துப் பெயர் ஒன்று, அதுவும் ஆங்கிலத்தில். இது என்ன? அசல்தானா? புளி போட்டுத் துலக்கலாமா? செத்தவனுடைய சாமானை வீட்டில் வைக்கக் கூடாது என்கிறாள் என் மனைவி.
– ஒரு வாசகர், வேலூர்.

பதில்: முதலில் புளியைக் கீழே வையுங்கள், மற்றவற்றைப் பிறகு பேசுவோம்.

தங்கள் கைக்கு வந்து சேர்ந்திருப்பது, 1914 ஆகஸ்டில் மூண்ட மகாயுத்தத்தில் உயிர்நீத்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துப் போர்வீரர்களின் குடும்பத்தாருக்கு, யுத்தம் ஓய்ந்தபின் அரசாங்கத்தார் அனுப்பிவைத்த ஞாபகார்த்தத் தகடு. அதன் உருவத்தைத் தீர்மானிக்க 1917-இல் பகிரங்கப் போட்டி ஒன்று நடத்தி, வந்து குவிந்த 800-க்கு மேற்பட்ட மாதிரிகளிலிருந்து லிவர்பூல் நகரத்துச் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரஸ்டன் என்பவருடையதைத் தேர்ந்து, 250 பவுன் பரிசும் அளித்தார்கள். சிங்கத்தின் முன்பாதத்துக்கு மேலே பொடி எழுத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். பூதக்கண்ணாடி கொண்டு பாருங்கள். மாலையேந்தி நிற்பவள், பிரிட்டனை உருவகிக்கும் பிரிட்டானியா. அவளைச் சூழ்ந்து நீந்தும் இரண்டு டால்பின்கள் அந்நாட்டின் கடற்படை வல்லமைக்குக் குறி. அடியில், சிறிய இடத்தில், இன்னொரு குட்டிச் சிங்கம் எதிரியாகிய கழுகைக் கடித்துக் குதறிக்கொண்டிருக்கும். இவ்வாறு வார்க்கப்பட்டவை 13 லட்சத்துக்கும் அதிகம். ஆகவே இது கிடைத்தற்கரிய பொருளென்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

அதில் என் மனத்தைக் கவர்ந்த விசேஷம் ஒன்று உண்டு. கட்டத்துக்குள் பெயர் மட்டுமே காணப்படும். பதவியோ, பட்டாளத்தின் பெயரோ, இலக்கமோ இராது. செய்த தியாகத்தில் ஜெனரலும் சிப்பாயும் சமானம் என்ற எண்ணத்தால் வேண்டுமென்றே அப்படி விட்டுவிட்டார்கள். இருபது வருஷம் உழைத்த சுபேதாரும் நேற்று வந்த வெள்ளைக்கார இளைஞன் ஒருவனுக்குக் கைகட்டி நிற்க வேண்டியிருந்த சேனையில், செத்தபிறகு கிடைத்த சமத்துவம் இது. விளிம்பில் உள்ள வாசகமோ, விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் இவன் மாண்டான் என்று கூறுகிறது. விடுதலை பெறாத தேசத்திலிருந்து போன ஒருவன் பெயரைச் சுற்றி அந்தச் சொல்லை வார்த்துவைத்தவர்களுக்கு அதிலுள்ள விநோதம் தட்டுப்படவில்லை போலும்.

அசலா என்று அறிய, முதலில் அளந்து பாருங்கள். குறுக்களவு ஏறக்குறைய 120 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அசலை அச்சாக வைத்துப் பின்னால் வார்த்த போலிகள், உலோகம் ஆறும்போது சுருங்குவதால், சற்றுக் குறைந்தே இருக்கும். சிங்கத்தின் பிடரி மயிரும் கூர்மையிழந்து காணப்படும். அடுத்தபடியாகப் பெயரைத் தடவிப் பாருங்கள். எழுத்துகள் தகட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டுப் புடைத்து நிற்க வேண்டும். உளிகொண்டு வெட்டியதாகவோ, பற்றவைத்ததாகவோ தோன்றினாலும், கட்டத்தின் தளம் சுற்றுப்புறத்தைவிடப் பள்ளமாக இருந்தாலும், யாரோ ஒருவருடைய பெயரை அராவி எடுத்துவிட்டு வேறொன்றைப் புகுத்தியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பெண்களின் பெயர் தாங்கிய தகடுகள் 600 அளவிலேயே வழங்கப்பட்டமையால் அவற்றுக்கு விலை மிக அதிகம். மோசடியும் அங்கேதான் அதிகம். தங்களுடையது சாதாரணமான ஆண்பெயர்த் தகடு என்பதால், போலியாயிருக்கக் காரணம் குறைவு.

இனி, அந்தப் பெயருக்கு உரியவர் யாரென்று காண்பது. தகட்டோடு கூடவே ஒரு காகிதப் பத்திரமும் அனுப்பப்பட்டது. பேய்க்கதைகளால் பிரசித்தி பெற்ற எம். ஆர். ஜேம்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் பண்டிதர் அதன் வாசகத்தை எழுதிக்கொடுத்தார். பதவியும் பட்டாளமும் அதில் இருந்தன. ஆனால் நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் தப்பிய பத்திரங்கள் சொற்பம். எனவே, காமன்வெல்த் யுத்தக் கல்லறைக் கமிஷனின் பெயர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் தேடுவதே வழி. ஒற்றைச் சொல்லாகிய நம் பெயர்களை வைத்துக்கொண்டு தேடினால் ஒரே பெயரில் பலர் எதிர்ப்படுவார்கள். ஆனால் இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அதில் தகப்பன் பெயரும், கிராமமும், ஜில்லாவும் குறிக்கப்பட்டிருப்பதால், வட ஆர்க்காட்டுக்காரர்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்க இடமிருக்கிறது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. மெசபொடேமியாவில் மடிந்தவர்களுக்குப் பஸ்ராவிலும், பிரான்சில் மடிந்தவர்களுக்கு நேவ் ஷாப்பெல்லிலும் நினைவுச் சின்னம் உண்டு. சென்னை நந்தம்பாக்கத்து யுத்தக் கல்லறையிலும் அந்த யுத்தத்தில் மாண்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. இன்னார்தான் என்று உறுதிப்படாவிட்டால், உறுதிப்பட்டதாக எழுதிவைக்க வேண்டாம். விற்பவர்கள் அப்படித்தான் கதை கட்டுகிறார்கள்.

புளிக்கு வருவோம். நம் இல்லங்களில் குத்துவிளக்கைப் பளபளக்கச் செய்யும் அதே புளிப்பு, நூறு வருஷமாக இந்த வெண்கலத்தின்மேல் படிந்த கபில நிறத்தை ஒரே தேய்ப்பில் தின்றுவிடும். மெருகுத் தைலங்களும் அப்படியே. இங்கிலாந்தில் வாராவாரம் துடைத்துத் துடைத்தே பிரிட்டானியாவின் மூக்கும் முகமும் மழுங்கிப்போன தகடுகளை நிறையப் பார்க்கலாம். அவற்றை மட்டும் நான் குறைகூறுவதில்லை, ஏனெனில் துடைத்தவள் தாய். தாங்கள் செய்யவேண்டியது மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் துடைப்பது ஒன்றே. விளிம்பைப் பிடித்து எடுங்கள். விரல் வியர்வை படவேண்டாம். பி.வி.சி. உறையில் போட்டு வைத்தால், அது நாளடைவில் அமிலம் கசிந்து உலோகத்தை அரிக்கும். வெளிர்பச்சையாக மாவுபோல் ஏதாவது உதிர்ந்தால் உடனே நிபுணரிடம் காட்டுங்கள்.

தங்கள் மனைவியார் சொல்வதைக் கேட்டு நான் நகைக்கமாட்டேன். அக்காலத்துப் பென்னி நாணயத்திலும் பிரிட்டானியா இருந்தபடியால் இதற்குச் ‘செத்தவன் காசு’ என்றே இங்கிலாந்து ஜனங்கள் பெயர் வைத்தார்கள்; பிள்ளைக்கு ஈடாக இதுவா என்று கோபித்துத் திருப்பி அனுப்பிய குடும்பங்களும் உண்டு. ஆனாலும் பழைய பாத்திரக் கடையிலிருந்து அடுத்தபடியாக அது போயிருக்கக்கூடிய இடம் உலைக்களம் என்பதை மனைவியாரிடம் சொல்லிப் பாருங்கள். பூஜை அறையில் வேண்டாம், புத்தக அலமாரியில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா அந்த யுத்தத்துக்குப் போனவர். மூன்று மெடல்கள் இருக்கின்றன. அண்ணன் தம்பிகள் மூவரும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், திருச்சி.

பதில்: கூடாது ஐயா. நட்சத்திர வடிவான வெண்கல மெடலின் பின்புறத்திலும், மற்ற இரண்டின் விளிம்பிலும் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் இலக்கமும் பெயரும் பட்டாளமும் பொறித்திருக்கும். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அவர் 1915 முடிவதற்குள்ளேயே போர்முனைக்குப் போய்விட்டவர் என்ற சரித்திரம் விளங்கும். அவற்றுள் ஒன்று வெள்ளி. 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை ஏறியபோது உருக்கப்பட்ட யுத்த மெடல்களுக்குக் கணக்கில்லை; இன்று சந்தைக்கு வரும் ஜோடி பிரிந்த மெடல்களில் பல அப்படித் தப்பியவற்றின் மிச்சம். மூவரில் ஒருவர் வைத்துக்கொண்டு, மற்ற இருவரும் நல்ல புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெடலின் நாடா நைந்திருந்தால் அதையும் தூக்கி எறியாமல் உறையிலிட்டுக் கூடவே வையுங்கள்.

கேள்வி: லண்டனிலுள்ள சேகரிப்பாளர் ஒருவர் என்னிடமுள்ள நினைவுத் தகட்டுக்கு நல்ல விலை தருவதாக எழுதியிருக்கிறார். தபாலில் அனுப்பலாமா?
– ஒரு வாசகர், கோவை.

பதில்: அனுப்பினால் சட்டத்துக்கு விரோதம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத சரித்திர சம்பந்தமான பொருளைத் தனிமனிதர் எவரும் தேசத்துக்கு வெளியே ஏற்றுமதி செய்யக் கூடாது; 1919, 1920-இல் வார்த்த தகடுகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. அவர் தேடுவது தகட்டில் உள்ளவருடைய வரலாறு என்றால் புகைப்படமே போதும். தகடுதான் வேண்டுமென்றால், இங்கேயே வாங்குவோர் இருக்கிறார்கள்.