ரிசர்வ் வங்கியின் காவலும் நம் விரதமும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. பொருளை அறவே துறப்பது முனிவர் நெறி. அதற்கு ஓர் அளவு வரைந்துகொள்வது சாவகர் நெறி. மக்களின் கல்விக்கும் திருமணத்திற்கும் சேர்த்த பணத்தைப் பங்குகளிலும் பரஸ்பர நிதிகளிலும் இடும் குடும்பங்கள் நம்மிடையே பெருகியுள்ளன. சந்தை சரிந்தால் ரிசர்வ் வங்கி காக்கும் என்று பலர் நம்புகின்றனர். அது எவ்வளவு உண்மை என்பதை ஆராய்வோம்.

பெருந்தொற்றின் அச்சத்தால் 2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள், அதாவது நூற்றுக்கு 13 பங்கு, வீழ்ந்தது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குத் தரும் கடனின் வட்டியை 5.15 விழுக்காட்டிலிருந்து 4.40 ஆகக் குறைத்தது. வங்கிகள் தன்னிடம் வைக்க வேண்டிய ரொக்க இருப்பையும் குறைத்து, 1,37,000 கோடி ரூபாயை விடுவித்தது. அச்சத்தில் எல்லாரும் ஒருசேர விற்க முயல்வர். ரொக்கம் கிடைக்கும் என்று தெளிந்தால் அவ்விரைவு தணியும்.

ஏப்ரல் 23 அன்று பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் ஆறு கடன் நிதித் திட்டங்களை நிறுத்தியது. சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது. அச்சம் பிற நிதிகளுக்கும் பரவாதிருக்க, ஏப்ரல் 27 அன்று ரிசர்வ் வங்கி 50,000 கோடி ரூபாய்க்குச் சிறப்பு ஏற்பாடு ஒன்றை அறிவித்தது. அதில் எடுக்கப்பட்டது சுமார் 2,430 கோடியே. பணத்தினும் அறிவிப்பே அச்சத்தை ஆற்றியது எனலாம். ஆயினும் அந்த ஆறு திட்டங்கள் மீண்டும் திறக்கவில்லை. உடனே விற்க இயலாத பத்திரங்கள் அவற்றில் மிகுந்திருந்தன. பணம் 2021 பிப்ரவரி முதல் தவணைகளாகவே திரும்பியது. நிச்சயித்த திருமணம் அதுவரை காத்திருக்குமா?

ஓர் ஆற்றைக் கொண்டு இதனை விளக்கலாம். வருசநாட்டு மலையில் தோன்றும் மூல வைகை, கடமலைக்குண்டைக் கடந்து கீழே வைகை அணையைச் சேர்கிறது. அணையைத் திறந்தால் மதுரைப் பக்கத்து வயல்கள் நனையும். மேலேயுள்ள கடமலைக்குண்டுத் தோட்டங்களுக்கு அந்நீர் ஏறாது. நனையும் வயலிலும் வாடிய பயிர் பிழைக்குமேயன்றி, வேர் அழுகிய பயிர் பிழையாது. ரிசர்வ் வங்கியின் பணமும் அத்தகையதே. 2020ஆம் ஆண்டின் ஏற்பாடும் வங்கிகளாகிய வாய்க்கால் வழியாகவே சென்றது. அது ரொக்கத் தட்டுப்பாட்டைத் தீர்க்கும். தவறான முதலீட்டுக்கு மதிப்பை உண்டாக்காது.

எனவே, சில ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைச் சந்தையில் இடாதிருப்போம். கடன் வாங்கிப் பங்கு வாங்காதிருப்போம். இழந்தாலும் இல்லறம் தளராத அளவே முதலீடு என வரைந்துகொள்வோம். தசலட்சணப் பருவ நாள்களில் குடும்பத்தார் கூடியமர்ந்து இவ்வளவை எழுதிவைத்தல் நன்று.