சங்க இலக்கியத் தரவுத்தளங்களில் விடுபட்ட மதிப்புகள்: கண்டறிதலும் அறிக்கையிடலும்

சங்க நூல்களைத் தரவுத்தளமாக்கும்போது நூற்பெயர், பாடலெண், புலவர், திணை, துறை ஆகியன தனித்தனி நிரல்களாக அமைகின்றன. பாடலுக்கு ஒரு நிரை என்றால் வழக்கமான கணக்கின்படி 2381 நிரைகள். சொல்லுக்கு ஒரு நிரை எனப் பகுத்தாலோ அட்டவணை கண்ணால் சரிபார்க்க இயலாத அளவுக்கு விரிந்துவிடும். விடுபட்டவற்றை வினவல் கொண்டே தேட வேண்டியுள்ளது.

தேடலில் எளிதில் அகப்படுவது வெற்றுப் புலம். 102 பாடல்களுக்குப் பாடியோர் பெயர் கிடைக்கவில்லை. எஸ்.கியூ.எல். மொழியில் 'நல்' எனப்படும் வெறுமதிப்பு எதனோடும் சமமன்று. மற்றொரு வெறுமதிப்போடும் சமமன்று. ஆதலின் சமக்குறியிட்டுத் தேடினால் ஒரு நிரையும் வாராது; 'இஸ் நல்' என்னும் நிபந்தனையே வேண்டும். கபிலர் அல்லாதார் பாடியவை எவை என வினவும்போதும் இப்பாடல்கள் எவ்வித எச்சரிக்கையுமின்றி விடுபட்டுப்போகும். இதனைத் தவிர்க்கப் புலவர் நிரலில் 'பெயர் தெரியவில்லை' என எழுதிவைப்போர் உளர். அது வேறொரு பிழைக்கு வழிவகுக்கிறது: பாடல் தொகையால் புலவர்களை வரிசைப்படுத்தினால், அப்பெயருடைய 'புலவர்' ஒருவர் கபிலர், அம்மூவனார் முதலியோரை அடுத்து இடம்பெற்றுவிடுவார்.

நிரையே இல்லாத இடங்களை இவ்வினவல் காட்டாது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்களும் ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்களும் கிடைக்கவில்லை. உள்ளிடப்படாத நிரையில் வெற்றுப் புலம் ஏது? ஒவ்வொரு நூலுக்கும் முழுமையான எண் வரிசையைத் தனி அட்டவணையாக அமைத்து, அதனை இடப்புற இணைப்பால் பாடல் அட்டவணையோடு பொருத்தினால் இவ்விடைவெளிகள் புலப்படும்.

மூன்றாவது வகையே கடினமானது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் போன்றவை பாடலின் தொடரால் இடப்பட்ட பெயர்கள். புலவரின் இயற்பெயர் அல்ல. புலம் நிரம்பியிருப்பதால் எந்த வினவலும் இதனைக் குறையாகக் கொள்ளாது. தமிழ் கற்றவர் ஒருவர் படித்து, 'பெயர் வகை' என்னும் தனி நிரலில் குறித்தாலன்றி வேறு வழியில்லை. கணினி வல்லுநரிடம் மட்டும் விட்டுவிடத்தக்க பணியன்று இது.

அறிக்கையில் விடுபட்டவற்றின் தொகையை மட்டும் தருவது போதாது. எந்த முழுமையோடு ஒப்பிட்டு அத்தொகை பெறப்பட்டது என்பதையும் கூற வேண்டும். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்று இல்லை. கிடைத்த 80 பாடல்களை முழுமையாகக் கொண்டால் இழப்பு ஏதுமில்லை; தொகுக்கப்பட்ட 100 பாடல்களைக் கொண்டால் இழப்பு 20 விழுக்காடு. பரிபாடலில் 70 பாடல்களுள் 22 மட்டுமே எஞ்சியுள்ளன. திரட்டில் காணப்படும் சிதைந்த பகுதிகளை 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டனுள் அடக்காமல், 'பகுதி' எனத் தனியே பதிவதே தக்கது.