கறுப்பு ஒயர் எல்லாம் கிரவுண்ட் அல்ல



காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ விளையாட்டு எந்திரத்தின் வடிவில் வீட்டிலேயே ஆர்க்கேட் பெட்டி அமைப்போர், திரையும் ஜாய்ஸ்டிக்கும் ஒழுங்காக இயங்கிய பின்னும் ஸ்பீக்கர் ஊமையாகக் கிடந்தாலோ ஓயாமல் முனகினாலோ, முதலில் ஆம்ப்ளிஃபயர் பலகையைக் குற்றவாளியாக்கி மாற்றிவிடுகிறார்கள். புதுப் பலகையும் அதே முனகலை முனகும்போதுதான் பழுது ஒயர்களில் இருப்பது புலப்படுகிறது. அப்பிழைகளில் பெரும்பாலானவை, கறுப்பு ஒயர் எதுவாயினும் அது கிரவுண்ட், அதாவது சுழி வோல்ட்டாகக் கொள்ளப்படும் பொதுத் திரும்புவழி, என்ற நம்பிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

ஸ்பீக்கருக்குச் செல்லும் கறுப்பு ஒயர் பல வேளைகளில் கிரவுண்ட் அன்று. மலிவாகக் கிடைப்பதால் வீட்டுப் பெட்டிகளில் மிகுதியாகப் பொருத்தப்படும் பிஏஎம் 8403 போன்ற ஆம்ப்ளிஃபயர் சிப்புகள் 'பிரிட்ஜ்' முறையில் இயங்குபவை. இம்முறையில் ஒரே ஸ்பீக்கரின் இரு முனைகளையும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் எதிரெதிராக இயக்குவதால், 5 வோல்ட் கொடுத்து ஒலியின்றி வைத்து மல்டிமீட்டரில் அளந்தால் பிளஸ் முனை, மைனஸ் முனை இரண்டுமே கிரவுண்டைவிட ஏறத்தாழ 2.5 வோல்ட் மேலே நிற்கும். அந்த மைனஸ் முனையைப் பெட்டியின் உலோகச் சட்டத்தோடு இணைப்பதும், ஒயர் மிச்சம் பிடிப்பதற்காக இடது, வலது ஸ்பீக்கர்களின் கறுப்பு ஒயர்களை ஒன்றாக முறுக்குவதும் சிப்பின் வெளியீட்டை ஷார்ட் ஆக்கும் செயல்களாகும். காப்புச் சுற்று உள்ள சிப் தன்னை அணைத்துக்கொள்ளும், இல்லாதது சூடேறிக் கெடும்.

அசல் விளையாட்டுப் பலகையைப் பயன்படுத்துவோருக்கு இதே கண்ணி வேறிடத்தில் காத்திருக்கிறது. ஜப்பானிய விளையாட்டு எந்திர உற்பத்தியாளர் சங்கம் 1985இல் வகுத்த ஜாமா என்னும் தரத்தில், 56 தொடர்புமுனைகள் கொண்ட இணைப்பியின் பாகங்கள் உள்ள பக்கத்து 10ஆம் முனை ஸ்பீக்கர் பிளஸ். அதன் நேர் பின்புறமுள்ள 'எல்' முனை ஸ்பீக்கர் மைனஸ். இவற்றில் வருவது பலகையிலேயே பெருக்கப்பட்ட ஒலியாதலால் நேரே ஒரு ஸ்பீக்கரை இயக்கப் போதுமானது. அது போதாதென்று இவ்விரு முனைகளையும் வெளி ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுச் சொருகியில் கொடுக்கும்போது, சொருகியின் வெளிவளையம் கிரவுண்டாக இருப்பதால், பிரிட்ஜ் முறைப் பலகையின் மைனஸ் முனை சத்தமில்லாமல் ஷார்ட் ஆகிறது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஹை-லோ கன்வெர்ட்டரை, அதாவது கார் ஸ்டீரியோக்காரர்கள் ஸ்பீக்கர் ஒலியைத் தாழ்த்தி எடுக்கப் பயன்படுத்தும் சிறு பெட்டியை, இடையில் வைப்பதே முறை.

முனகலைப் பொறுத்தவரை, காதே முதற்கருவி. உள்ளீட்டைக் கழற்றி, ஆம்ப்ளிஃபயரின் சிக்னல் முனையை அதன் கிரவுண்டோடு சேர்த்த பின்னும் தாழ்ந்த முனகல் தொடருமானால், அது பெரும்பாலும் பவர் சப்ளையிலிருந்து வருவது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் அது 50 அல்லது 100 ஹெர்ட்ஸாக ஒலிக்கும். மாறாக, ஓசை உடனே அடங்கி, உள்ளீட்டை மாட்டியதும் திரையில் படம் நகர நகர மாறும் கீச்சொலியாகத் திரும்புமானால், அது கிரவுண்ட் லூப், அதாவது விளையாட்டை இயக்கும் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியின் மின்னோட்டம் சப்ளை ஒயர் வழியாகவும் ஒலி ஒயரின் உறை வழியாகவும் இரு பாதைகளில் திரும்புவதால் எழும் இரைச்சல். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி அடாப்டர் கொடுத்தாலோ ஒலிப்பாதையில் 1:1 விகித டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலோ இது பெரும்பாலும் தீரும். இதைக் கெப்பாசிட்டர்களைக் குவித்து அடக்க முயல்வது வீண் செலவு.

ஒலியளவுக் குமிழை முழுதும் குறைத்தும் ஒலி அடங்காவிட்டால், அதன் கிரவுண்ட் காலில் பற்றவைப்பு விட்டிருக்கும். கணினி சப்ளையின் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். பிஏஎம் 8403க்கு 5.5 வோல்ட்டே உச்சமாதலால் மஞ்சளை அதில் இணைக்கக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 அல்லது 7 ஓம் காட்டுவது பழுதன்று.

பெட்டியில் பழைய குழாய்த் திரை இருப்பின், சுவிட்சை அணைத்த பின்னும் அதன் ஆனோடு 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடுமாதலால், ஸ்பீக்கர் ஒயரைத் தேடிச் செல்லும் கை அந்தப் பக்கம் போகாதிருக்கவேண்டும்.