டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இதயத்தைக் காப்பது எப்படி?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் உயிருக்குப் பெரிய அச்சுறுத்தல் இதயநோய்தான். அதனால், "ஹெச்.டி.எஃப். முறைக்கு மாறினால் இதயத்துக்கு நல்லதாமே, மாறிவிடலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள்.

ஹெச்.டி.எஃப். என்பது ஹீமோடயாஃபில்ட்ரேஷன். வழக்கமான டயாலிசிஸ், யூரியா போன்ற சிறிய கழிவுகளை நன்றாக நீக்கிவிடும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற பெரிய கழிவுகளை அந்த அளவுக்கு நீக்காது. ஹெச்.டி.எஃப். முறையில் ரத்தத்திலிருந்து நிறைய நீரை வடித்து, அதோடு பெரிய கழிவுகளையும் வெளியேற்றி, ஈடாகத் தூய திரவத்தைச் செலுத்துவார்கள். 2023இல் வெளியான, ஐரோப்பாவில் 1,360 பேரிடம் நடந்த 'கன்வின்ஸ்' ஆய்வில், ஹெச்.டி.எஃப். பெற்றவர்களில் 17.3 சதவீதம் பேர் இறந்தனர். ஹை-ஃப்ளக்ஸ் (பெரிய துளைகள் உள்ள வடிகட்டி) டயாலிசிஸ் பெற்றவர்களில் 21.9 சதவீதம் பேர். ஆனால் இதயநோய் மரணங்கள் குறைந்தன என்று அந்த ஆய்வு உறுதியாக நிறுவவில்லை. தவிர, இந்தப் பலனுக்கு ஒவ்வொரு முறையும் குறைந்தது 23 லிட்டர் வடிக்க வேண்டும். அதற்கு ஃபிஸ்டுலா போன்ற, ரத்தம் நன்றாக ஓடும் ரத்தக்குழாய் இணைப்பும் மிகத் தூய்மையான நீரும் தேவை.

வசதி இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் கலங்க வேண்டாம். எந்த டயாலிசிஸ் யூனிட்டிலும் கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. அது நீரை எடுக்கும் வேகம்.

மணிக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுக்கப்பட்டவர்களிடம் இதய மரணங்கள் அதிகம் காணப்பட்டுள்ளன. 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்தக் கணக்குப்படி நான்கு மணி நேரத்தில் சுமார் 3 லிட்டர்தான் எடுக்கலாம். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் அவர் 4 கிலோ ஏறி வந்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தேவை. அவசரப்பட்டு இழுத்தால் ரத்த அழுத்தம் சரியும், கால் குரக்களி இழுக்கும், இதயத் தசைக்குப் போகும் ரத்தமும் குறையும்.

எடை ஏறுவதற்கு மூல காரணம் உப்பு. சுமார் 8 கிராம் உப்பு ஒரு லிட்டர் நீரை உடலில் தேக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸை விடுங்கள்; தாகம் தானாகவே அடங்கும். உப்புக்குப் பதிலாக 'லோ சோடியம்' உப்பு வாங்காதீர்கள். அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

டயாலிசிஸைத் தவறவிடாதீர்கள், பாதியில் எழுந்து வராதீர்கள். உலர் எடையை (உடலில் அதிகப்படி நீர் இல்லாதபோது உள்ள எடை) அவ்வப்போது மருத்துவரிடம் சரிபாருங்கள். டயாலிசிஸின்போது நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் டெக்னீஷியனிடம் உடனே சொல்லுங்கள். புதிய இயந்திரத்தை விசாரிக்கும் முன், இன்று எத்தனை லிட்டரை எத்தனை மணி நேரத்தில் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.