வகுப்பறைக்குள் ஒரு நூதனசாலை

நூதனசாலை என்றதும் கொழும்பில் இருக்கும் பெரிய வெள்ளைக் கட்டிடம்தான் நமக்கு ஞாபகம் வரும். 1877 இல் திறந்த அந்த இடத்தில் கண்டி ராஜாவின் சிம்மாசனம் இருக்கிறது. நம்ம வீட்டில் அடுப்புக்கு மேலே செருகிக் கிடக்கும் கவ்வாத்துக் கத்தியை யார் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் வைத்திருக்கிறார்கள். ஹந்தானையில் 1925 இல் கட்டிய பழைய தொழிற்சாலையை 2001 இல் தேயிலை நூதனசாலையாக்கினார்கள். அங்கே மிசின்கள்தான் அதிகம். பிறகு 2007 இல் கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில், லயக் காம்பராக்களிலேயே தொழிலாளருக்கென்று ஒரு நூதனசாலை வந்தது. கூடையும் கம்பளியும் அங்கே சரித்திரச் சாமான்கள்.

இதே வேலையை வகுப்பறையில் பிள்ளைகளே செய்யலாம். நமது பிரிவுக்குப் பக்கத்துப் பாடசாலையில் தரம் 9 பிள்ளைகள் ஒரு தவணை செய்தார்கள். நாமும் கூட இருந்து பார்த்தோம். வேலையைப் பங்கு போட்டுத்தான் டீச்சர் தொடங்கினார். சாமானைப் பொறுப்பேற்றுப் பதிபவர், முதியோரிடம் கேட்டு எழுதுபவர், விளக்க அட்டை தயாரிப்பவர், வருவோருக்குச் சொல்லிக் காட்டுபவர், கணக்கு வைப்பவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை பொறுப்பு மாறும். மாற்றாவிட்டால் நன்றாக எழுதுகிற பிள்ளையே கடைசி வரை எழுதும், மற்றவர்கள் மேசை தூக்குவார்கள்.

விளக்க அட்டை லேசான வேலை என்று நினைத்திருந்தோம். ஒரு மகன் முதலில் எழுதியது: “இது கத்தி. பழையது.” டீச்சர் திருத்தவில்லை. “யார் பிடிச்ச கத்தி, எப்போ, எதுக்குன்னு கேட்டுட்டு வா” என்று திருப்பி அனுப்பினார். தாத்தாவிடம் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டு வந்தான். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மலையைக் கவ்வாத்து வெட்டுவது ஏன், வெட்டு சாய்வாக விழாவிட்டால் கிளையில் தண்ணீர் தேங்கி என்ன ஆகும், வெட்டிய மலையில் பல மாதம் ஏன் கொழுந்து எடுக்க முடியாது என்று எல்லாம் அட்டையில் ஐம்பது சொல்லுக்குள் வந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் எழுதினார்கள். அந்தத் தாத்தாவைப் பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று பேசியதை நாம் கண்டோம்.

இனிப் பதிவேடு. இதில்தான் நாமும் தவறினோம், அதனால் விரிவாகச் சொல்கிறோம். முதல் கிழமை பிள்ளைகள் சாமான்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு பையன் அம்மாயியின் பிரஜாவுரிமைப் பத்திரத்தையே வீட்டில் சொல்லாமல் கொண்டு வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து அம்மாயியின் மகள் ஒரு அலுவலுக்காகத் தேடினால், பெட்டியில் இல்லை. வீடே அல்லோலகல்லோலம். அம்மாயி பாடசாலைக்கே வந்து, “ஐயா, அந்தக் கடதாசிக்காக எங்க அப்பா எத்தனை நாள் வேலையை விட்டுட்டு நடந்தாருன்னு இந்தப் புள்ளைங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாதுதான். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம்மவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானதும், 1964 ஒப்பந்தத்தில் குடும்பங்கள் பிரிந்ததும், மிச்சமிருந்தவர்களுக்கு 2003 இல் தான் சட்டம் வழி திறந்ததும் அன்றைக்கு அம்மாயி வாயால் வகுப்புக்குப் பாடமாயிற்று. நல்லவேளை, பத்திரத்துக்குச் சேதமில்லை.

மறுநாளே முறை மாறியது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இலக்கம். அதை மையால் எழுதாமல், பசை போட்டு ஒட்டாமல், நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். பதிவேட்டில் திகதி, கொடுத்தவர் பெயர், சாமான் இருந்த நிலை (விரிசல், துரு, கிழிசல் எல்லாம்), திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள், இரு பக்கக் கையொப்பம். கொடுத்தவர் கையில் ஒரு பற்றுச்சீட்டு. பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், காணி உறுதி போன்றவற்றுக்குப் போட்டோ கொப்பி மட்டுமே. பழைய படங்களை வெயில் படும் ஜன்னலோரம் வைக்கக் கூடாது. நம்ம மலை ஈரத்துக்குச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். கத்தியின் வாயைத் துணியால் சுற்றிக் கட்டவும்.

“பழைய சாமானைப் பொறுக்கினா வேலை கிடைக்குமா?” என்று சில தகப்பன்மார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நூதனசாலையில் வேலைக்கு எடுப்பது சிலரைத்தான். ஆனால் பதிவேடு வைக்கப் பழகிய பிள்ளைக்கு ஸ்டோர் வேலையோ காரியாலய வேலையோ அந்நியமாகத் தெரியாது. முன்பின் தெரியாதவருக்கு மூன்று மொழியில் விளக்கிய பிள்ளைக்கு ஹோட்டல் நேர்முகப் பரீட்சையில் நாக்கு ஒட்டாது. வகுப்பில் வாய் திறக்காத ஒரு மகள், பெற்றோர் தினத்தன்று கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக் காட்டி இருபது பேருக்கு விளக்கியது நமக்கே ஆச்சரியம். சாதாரண தரம் முடித்த பின் என்.வி.கியூ. பயிற்சிக்குப் போக நினைப்பவர்கள், தான் எந்தப் பொறுப்பை விரும்பிச் செய்தோம் என்பதை மனதில் வைத்துத் துறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

தவணை முடிந்து சாமான்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒரு படங்கும் இரண்டு முள்ளும் இன்னும் பாடசாலை அலுமாரியில் இருக்கின்றன. பற்றுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கொண்டு வந்து, கையொப்பமிட்டு எடுத்துச் செல்லவும்.